பத்மினி வாங்கக் காந்தத்தோடு போங்கள்

பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை விலை பேசப் போனால், விற்பவர் முதல் வேலையாகச் சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பிக் காட்டுவார். உடனே பிடித்துக்கொள்ளும். "சத்தத்தைக் கேளுங்க சார், எங்கயாவது பிசிறு தட்டுதா?" என்பார். முதல் தடவையாகப் பழைய கார் வாங்க வந்தவர் அங்கேயே பாதி மயங்கிவிடுவார். இன்ஜின் ஓடுவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வண்டியிலேயே பழுது பார்க்கச் சுலபமான பொருளும் அதுதான். கழற்றி இறக்கலாம், கடைசல் பட்டறையில் கொடுத்து போர் செய்யலாம், பிஸ்டன் ரிங் மாற்றலாம், ஒன்றும் தேறாவிட்டால் புதுப்பேட்டையில் வேறு இன்ஜினே தேடலாம். கதவுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு அடியில், டிக்கியின் அடித்தளத்தில் இருக்கிற தகட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது போனால் வண்டியே போனதாகத்தான் அர்த்தம்.

இந்த வண்டியின் மூலம் 1953இல் இத்தாலியில் வெளிவந்த ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் அதன் ஒரு வடிவத்தை 'டிலைட்' என்ற பெயரில் தயாரித்தது. 1974இல் பத்மினி என்ற பெயர் வந்தது. உருவம் பெரிதாக மாறாமலே ஏறக்குறைய 2000 வரை ஓடிய தயாரிப்பு அது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக அது கடைசியாக ஓடியது 2023 அக்டோபரில். நம் ஊரில் இன்றைக்கும் பலர் அதை 'ஃபியட்' என்றுதான் சொல்கிறார்கள். 1089 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன், ஏறக்குறைய 900 கிலோ எடை, ஸ்டீயரிங்கை ஒட்டிய கை கியர். இன்றைய சிறிய காரோடு ஒப்பிட்டால் சொற்பமான சக்திதான். ஆனால் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற, ஸ்பேனரால் கழற்றக்கூடிய சமாச்சாரங்கள். முதல் பழைய காராக இதைச் சிபாரிசு செய்வதற்கு அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் கனமான இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் உடலைத் தூக்கி வைத்திருப்பார்கள். பத்மினியில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆர்.சி.யில் 'சேஸிஸ் எண்' என்று எழுதியிருந்தாலும், மெல்லிய தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாகப் பற்றவைத்த உடல்தான் அங்கே சட்டமும். தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. அவ்வளவு மெல்லிசான இரும்பு ஐந்து பேரையும் இன்ஜினையும் எப்படித் தாங்குகிறது? பெட்டி மூடியிருப்பதால். காலித் தீப்பெட்டியின் மேலுறையை எடுத்து விரல்களால் முறுக்கிப் பாருங்கள், எதிர்க்கும். ஒரு விளிம்பை மட்டும் பிளேடால் நீளவாக்கில் கீறிவிட்டு மறுபடி முறுக்குங்கள், துணிபோல வளையும். அட்டை அதே அட்டை, அளவும் அதே அளவு. வளையம் திறந்துகொண்டது, அவ்வளவுதான். கதவுகளுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடும் பெட்டிப் பகுதியை மெக்கானிக்குகள் 'சில்' என்பார்கள். அதன் அடி விளிம்பைத் துரு தின்றுவிட்டால் நடப்பதும் இதுவே. மேல்பக்கம் பளபளவென்று இருக்கும். முறுக்கைத் தாங்கும் திறன் மட்டும் போய்விட்டிருக்கும்.

துரு ஏன் அந்த அடி விளிம்பையே தேடிப் பிடிக்கிறது என்பது சுவையான கதை. இரும்பு துருப்பிடிப்பது ஒரு சின்ன மின்கலம் வேலை செய்வதுதான். தகட்டின் ஓர் இடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடி, அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்கின்றன. சுற்றை முழுமையாக்கத் தண்ணீர் வேண்டும். அதில் கொஞ்சம் உப்பு இருந்தால் மின்சாரம் இன்னும் தாராளமாக ஓடும். இதில் ஒரு வேடிக்கை: ஆக்ஸிஜன் அதிகம் கிடைக்கும் இடம் தப்பிக்கிறது, குறைவாகக் கிடைக்கும் இடம் கரைகிறது. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த மடிப்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், அங்கே இருக்கும் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். மடிப்பின் வாயில் காற்று படும் பகுதி ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இருட்டில் கிடக்கும் இரும்பு அதற்காகக் கரைந்துகொண்டே இருக்கும். நாளாக ஆக உப்பின் குளோரைடு அயனிகளும் உள்ளே குவிந்து, மடிப்புக்குள் நிற்கும் தண்ணீர் அமிலத்தன்மை அடையும். அதன்பின் வேகம் கூடுமே தவிரக் குறையாது. வெளியில் துணி போட்டுத் துடைத்து மெழுகு பூசிக்கொண்டிருக்கும் உரிமையாளருக்கு இது எதுவும் தெரியாது.

தெரிய வரும்போது பெயிண்ட் கொப்புளிக்கும். கரைந்த இரும்பைவிடத் துருவின் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல். நீர் சேர்ந்த வகைகள் இன்னும் அதிகம். அது உள்ளேயிருந்து தள்ளுவதால்தான் கதவின் அடிப்பகுதியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுகின்றன. ஒரு கொப்புளத்தைப் பார்த்துவிட்டு "லேசா துரு இருக்கு, சுரண்டிட்டு டச் அப் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது அதன் கடைசிக் கட்டம்.

ஊரும் இதில் பேசும். சுத்தமான இரும்பின்மேல் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் துரு வேகம் பிடிக்கும். உப்புத் தூசி படிந்திருந்தால் அந்த வரம்பு கீழே இறங்கிவிடும். சமையல் உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அதாவது, கடற்கரைப் பக்கம் நிற்கிற வண்டியின் அடித்தகடு மழையே பெய்யாத ராத்திரியிலும் நனைந்துதான் இருக்கும். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ இருபது வருஷம் திறந்தவெளியில் நின்ற வண்டியும், கோவைப் பக்கம் ஷெட்டுக்குள் நின்ற வண்டியும் ஒரே ஆண்டு மாடலாக இருந்தாலும் ஒரே வண்டி அல்ல. என் கையில் காசு இருந்தால் கோவை வண்டிக்குக் கூடுதலாகவே கொடுப்பேன். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். பதிலை எதிர்பார்க்காமல் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்குகளையும், தரைவிரிப்புக்குக் கீழே மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். நுண்ணிய வண்டல் மண் அங்கே ஒட்டிக்கொண்டால் வாட்டர் வாஷில் எளிதில் போகாது.

இப்போது காந்தம். பழைய வண்டிகளில் ஒடுக்கை மறைக்கவும் ஓட்டையை அடைக்கவும் பட்டி பார்த்திருப்பார்கள். பட்டி என்பது பாலியஸ்டர் பிசினில் டால்க் போன்ற தூள் கலந்த பசை. காந்தத்துக்கு அது வெறும் காற்றைப் போன்றதே. சிறிய காந்தத்தின் பிடிப்பு தூரத்தோடு மளமளவென்று சரியும். பெயிண்ட் மட்டும் இருக்கும் இடத்தில் குறுக்கே நிற்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. பட்டி ஓரிரு மில்லிமீட்டர் ஏறிவிட்டாலே பிடிப்பின் பெரும்பகுதி போய்விடும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் விளம்பரக் காந்தம் இதற்கு மிகப் பொருத்தம். சக்தி வாய்ந்த காந்தத்தைக் கொண்டுபோனால் அது பட்டியையும் தாண்டிப் பிடித்து உங்களை ஏமாற்றிவிடும்.

முதலில் கூரையின் நடுவில் வைத்துப் பாருங்கள். அங்கே யாரும் சாதாரணமாகப் பட்டி பார்ப்பதில்லை. அதுதான் உங்கள் அளவுகோல். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு, எவ்வளவு இழுத்தால் விடுகிறது என்பதை விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அதன்பின் கதவின் அடியில் நாலு விரல் உயரம், முன் மட்கார்டின் பின்பகுதி, பின் சக்கர வளைவு, கண்ணாடி ரப்பரைச் சுற்றிய ஓரம் என்று நகருங்கள். பிடி தளர்கிற இடத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். தகடு கணகணவென்று அதிரும். பட்டி தடித்த இடம் 'டொக்' என்று சத்தத்தை விழுங்கிவிடும். காந்தம் தளர்ந்தாலும் கொஞ்சமாவது பிடித்தால் உள்ளே தகடு இருக்கிறது, ஒடுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெரிய குற்றமில்லை. அறவே பிடிக்காவிட்டால் பட்டி மிகத் தடிமன், அல்லது அங்கே தகடே இல்லை. தகடு இல்லாத இடத்தில் வலையையோ கண்ணாடி நார்த் துணியையோ வைத்து அதன்மேல் பட்டி அப்பியிருப்பார்கள்.

புதுசாகப் பெயிண்ட் அடித்து, அடியில் புதுசாகக் கறுப்புப் பூச்சும் அடித்த வண்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். துருவின்மேல் தார் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, நான் மேலே சொன்ன இருட்டு மடிப்பு தகடு முழுக்க உண்டாகிவிடும். நிறம் மங்கி, ஆங்காங்கே கீறல் விழுந்து, கம்பெனி பெயிண்டோடு இருக்கிற வண்டி எதையும் மறைப்பதில்லை. இரண்டில் ஒன்று என்றால் மங்கியதையே எடுங்கள்.

வண்டிக்கு அடியில் பார்க்கச் சர்வீஸ் ஸ்டேஷன் குழியோ லிஃப்டோ வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே நுழையக் கூடாது. முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் உடலோடு சேரும் இடங்கள். பின்பாரம் முழுக்க அந்தச் சில முனைகள் வழியாகத்தான் மெல்லிய தகட்டில் இறங்குகிறது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் போதும். இற்றுப்போன இரும்பு உதிர்ந்து கையில் விழும். பழைய வேலைகளில் பித்தளை வைத்து ஒட்டியிருந்தால் அந்தக் கோட்டை ஒட்டியே துரு ஓடியிருக்கும். ஈரத்தில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது இரும்புதான்.

இன்னொரு சோதனை எளியது. நான்கு கதவுகளும் மூடியிருக்கும்போது இடைவெளிகளைப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தில் ஜாக்கி வைத்து லேசாக உயர்த்தி, அதே பக்கக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஒழுங்கான உடலில் வித்தியாசம் தெரியாது. கதவு தூணில் இடித்தாலோ, மேலே இடைவெளி குறுகிக் கீழே விரிந்தாலோ, மூடிய பெட்டி எங்கோ திறந்துவிட்டது. ஜாக்கி வைத்த இடமே மொறுமொறுவென்று உள்ளே போனால் அத்தோடு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

உடல் தேறினால் மட்டும் இன்ஜினுக்கு வாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது. குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் நிறத்தில் கூழ் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. பத்மினியின் இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது ஹெட் கேஸ்கெட். ஒரு தடவை தண்ணீர் வற்றிக் கொதித்துவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளும்.

போதாக்குறைக்கு நம்மவர்கள் ரேடியேட்டரில் ஊற்றுவது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு உட்சுவரில் படியும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது இரும்பைவிடப் பல பத்து மடங்கு குறைவு. மெல்லிய படலம் ஏறினாலே இன்ஜின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கத் திணறும். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் ஒன்றாகக் கிடப்பதால் இங்கேயும் அதே மின்கலம். இந்த முறை கரைவது அலுமினியம். தேய்ந்த ஹெட்டின் நீர்ப்பாதைகளைப் பார்த்திருக்கிறவர்களுக்கு, கூலன்ட் ஊற்றச் சொல்வது கம்பெனிக்காரர்களின் வியாபாரத் தந்திரம் என்ற நினைப்பு போய்விடும்.

புகையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நீலம் எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து, மறுபடி மிதிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் குப்பென்று வந்தால் வால்வ் கைடு. காலை எடுத்தபோது கார்புரேட்டரின் வாய் மூடிக்கொள்ள, உள்ளே காற்றழுத்தம் வெகுவாகக் குறைந்து, மேலேயிருக்கும் ஆயிலைத் தேய்ந்த கைடு வழியே உறிஞ்சிவிடுகிறது. இரண்டாவது வேலைக்குச் செலவு குறைவு. பின்னால் இன்னொரு வண்டியில் நண்பரை வரச் சொல்லுங்கள். ஓட்டுபவருக்குத் தன் புகை தெரியாது.

கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடிந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒரு தனி எண்ணைவிட நான்குக்கும் இடையேயான வித்தியாசம் முக்கியம். 15 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி கேட்கலாம். குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால் எண் ஏறுகிறதா? ஆயில் ரிங்கின் இடுக்கை அடைத்திருக்கிறது, குற்றம் ரிங்கில். ஏறவில்லையா? வால்விலோ கேஸ்கெட்டிலோ கசிவு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கெட் அவற்றுக்கு நடுவில் எரிந்திருக்கும். இதையெல்லாம் பணமாக எண்ணிப் பேரத்தில் கழிக்க முடியும். துருவை அப்படி எண்ண முடியாது. வெட்டத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே தெரியும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு புதுத் தலைவலி. இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. புது வண்டியில் சென்சார் இதைக் கண்டுபிடித்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பத்மினியின் கார்புரேட்டருக்கு அது தெரியாது. பித்தளை ஜெட்டின் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். விளைவு, எரிபொருள் ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்த கலவை. இன்ஜின் திக்கும், சூடும் ஏறலாம். ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டால் பெரும்பாலும் சரியாகும். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். ஹோஸ் வெடித்துப் பெட்ரோல் சொட்டும் இடத்துக்குக் கீழே சைலன்சர் பைப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது பத்மினி திடீரென்று அணைந்துபோவது இந்த வண்டியின் பழைய பழக்கம். பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருப்பதால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, திரவத்துக்குப் பதில் குமிழியைத் தள்ளிக்கொண்டிருக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய டிரைவர்கள் பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுவிட்டு ஒரு பீடி பற்றவைப்பார்கள் (தள்ளி நின்றுதான்). தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும்; பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். இது குறையல்ல, குணம்.

மற்றவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று காலி மைதானத்தில் சோதியுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றும்போது கரகரப்பு கேட்டால் சிங்க்ரோமெஷ் தேய்ந்திருக்கிறது. ஹெட்லைட் மங்கலாக இருந்தால் உடனே பல்பைக் குறை சொல்லாதீர்கள். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் 30 சதவீதம் குறையும். துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்றே அதற்குப் போதும். டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று காட்டுவார்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் காற்றோடு வினைபுரிந்து இறுகி வெடிக்கும்.

காகிதத்தில் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். எத்தனையோ பத்மினிகளில் பிற்பாடு டீசல் இன்ஜின் ஏற்றியிருக்கிறார்கள்; ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; கட்டணமும் பசுமை வரியும் உண்டு. 50 ஆண்டு கடந்த வண்டியை 2021இல் வந்த மத்திய விதிகளின்படி 'விண்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாமே தவிர, தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போக நினைப்பவர் சாதாரணப் பதிவையே காப்பாற்றிக்கொள்வது நல்லது.

விலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும் கையில் மிஞ்சிய பணத்தைப் பெயிண்ட் கடையில் போடாதீர்கள். முதலில் பிரேக் ஆயிலை முழுக்க வடித்து மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். சாதாரண டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். கொல்லிமலையின் கொண்டை ஊசிகளில் இறங்கும்போது அது கொதித்து ஆவியானால் பெடல் காலடியில் போய்விடும். கூடவே பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், டயர். பெயிண்ட் அடுத்த வருஷம் அடித்துக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் மட்டும் மறக்காமல் குனிந்து, கதவுகளின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளில் அடைத்திருக்கும் மண்ணை ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே போக வேறு பாதை கிடையாது.